பூட்ச்சு அண்ணனின் சர்வர் ரூம்

இந்த உலகம் என்றைக்காவது அழியப் போகிறதென்றால், அந்தத் தகவல் முதலில் வந்து சேரப்போவது அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி சர்வர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த பூட்ச்சு அண்ணனுக்குத்தான். சேர்ந்தாலும் மனிதர் அதிர்ச்சியடைய மாட்டார். அதற்கான துக்கத்தை அவர் முன்கூட்டியே அனுபவித்து முடித்திருப்பார்.

நீங்களும் நானும் "போச்சு" என்று சொல்லுகிற இடத்தில் அவர் "பூட்ச்சு" என்பார். மின்விசிறி ஒரு மாதிரி சத்தம் போட்டால் பூட்ச்சு. சத்தமே போடாவிட்டால் நிச்சயம் பூட்ச்சு. அவருடைய நிஜப் பெயர், சம்பளம் போடுகிற கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கே மாதக் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். என் நாற்காலிக்கு நேர் எதிரே அவருடைய கண்ணாடிக் கதவு. மற்றவர்கள் எல்லாம் மேலாளர் திட்டிய பிறகுதான் சோர்ந்து போவார்கள். நான் காலையில் வந்து பையை வைப்பதற்குள்ளேயே சோர்ந்துவிடுவேன்.

"இன்னாண்ணா, எப்படி இருக்கீங்க?"

"எங்க நைனா இருக்கறது? ரெண்டாவது ஏசி முனகிகினே கீது. இன்னிக்கு பூட்ச்சு."

"நேத்தும் இதையேதானே சொன்னீங்க?"

"நேத்து தப்பிச்சிட்டோம். அத்த வெச்சு இன்னிக்கும் தப்பிச்சிருவோம்னு நீ எப்டி சொல்ற?"

நான் உடனே கம்ப்யூட்டரைப் போட்டு, நேற்றைய கணக்கெல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் எதுவும் போகவே இல்லை. எங்கள் கம்பெனியில் லிஃப்ட் போகும், தண்ணீர் மோட்டார் போகும், நாலு தூறல் விழுந்தால் வாசலில் சாலையே போகும். சர்வர் ரூம் மட்டும் போகாது. கம்பெனித் தகவலெல்லாம் தாங்கும் சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கிய ஆள் உயர இரும்பு ரேக்குகளில் ஒயர்கள் எல்லாம் வாரிப் பின்னிய ஜடையாக இறங்கும். நீல ஒயர் எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு. மஞ்சள் கேமராக்களுக்கு. சிவப்பு எதற்கென்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் லேபிள். அட்டைப்பெட்டி உள்ளே வரக் கூடாது, தூசு. தண்ணீர் பாட்டில் வரக் கூடாது, சொல்லவே வேண்டாம். எங்கள் எம்.டி.யே ஒரு முறை காபி டம்ளரோடு உள்ளே கால் வைக்கப் போய், டம்ளரை வாசலில் வைத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வருவதற்குள் அதற்கும் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது.

கோடை வந்தால் அவர் பாடு இன்னும் மோசம். எஸ்டேட் வெயிலில் வெந்து வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஒரு கதவு சொர்க்கவாசலாகத் தெரியும். விற்பனைப் பிரிவுப் பையன்கள் "சும்மா ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போயிடறோம்ணா" என்று கெஞ்சுவார்கள்.

"உன் ஒடம்பு சூடு இன்னான்னு தெரியுமா உனக்கு? நீ உள்ள வந்து நின்னா எச்சா ஒரு சர்வர் வெச்சதுக்கு சமம். நாலு பேரு வந்தீங்கன்னா ஏசி பூட்ச்சு. ஏசி பூட்ச்சுன்னா ரூமு பூட்ச்சு. ரூமு பூட்ச்சுன்னா கம்பெனி பூட்ச்சு. நம்ம அல்லாரும் ஊட்டுக்குப் போய் குந்திக்கலாம். வரியா?"

அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் என்று மனிதவளப் பிரிவு அம்மாள் ஒரு கேக்கைக் கொண்டுவந்து ரேக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மத்தியானம் அவர் எடுக்கப் போனபோது கேக் அங்கே இல்லை. வெளியே வெயிலில், செக்யூரிட்டி கூண்டுக்கு மேலே, க்ரீம் ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் அதற்குப் பிறகு வெகுநாள் அண்ணனோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அண்ணன் மகள் கல்யாணத்தில்கூட இதே கதைதான். கோவில்பதாகையில் மண்டபம். முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அப்பாவைக் காணோம். தாரை வார்த்துக் கொடுக்க ஆள் வேண்டுமே! நாலா பக்கமும் ஓடினோம். மேடைக்குப் பின்னால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீரியல் லைட்டுக்காரனின் ஒயர்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தாலி கட்டப் போறாங்க!"

"தோ வர்றேன் நைனா. ஒரே ப்ளக்குல இன்னா லோடு ஏத்திகீறான் பாரு. இவன நம்பி மைக்கு, ஃபேனு, மாப்ளயோட வாழ்க்கை, அல்லாம் ஓடுது."

அவர் மனைவியிடம் அன்றைக்கு அனுதாபமாக ஏதோ சொல்லப் போனேன். "இது இன்னா தம்பி பெருசு! எங்க ஊட்டு பீரோவுல வந்து பாருங்க" என்றார் அந்த அம்மாள். அண்ணன் வாராவாரம் கம்பெனித் தகவல்களை ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவாராம். ஒரே கட்டடத்தில் அசலும் நகலும் இருந்தால் இரண்டும் சேர்ந்து பூட்ச்சாம். அந்த டிஸ்க் அவர்கள் வீட்டு பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. அதை நகர்த்த வேண்டாமே என்று அந்த அம்மாள் பல விசேஷங்களுக்கு நூல் புடவையே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதரை எங்கள் எம்.டி. ஒரு நாள் கூப்பிட்டு, நிஜமாகவே ஒரு கெட்ட செய்தி சொன்னார். எங்களிடம் உதிரிபாகம் வாங்குகிற வெளிநாட்டு கம்பெனி, சர்வர் ரூமைச் சோதிக்க ஒரு ஆடிட்டரை அனுப்பப் போகிறது. பாஸ் ஆனால் பழையபடி நடக்கும். இல்லையென்றால் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட வேண்டும். அதாவது நம் தகவலெல்லாம் எங்கோ ஒரு ஊரில், யாரோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கும். இங்கே அறையும் வேண்டாம், அறைக்கு ஆளும் வேண்டாம். அண்ணன் ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. இந்த வயதில் இன்னொரு சர்வர் ரூம் அவருக்கு யார் கொடுப்பார்கள்?

வெளியே வந்த அண்ணன் என் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"பாஸ் பண்ணிடலாம் நைனா" என்றார்.

பூட்ச்சு என்று சொல்லியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து நம்பிக்கையாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனாரா என்றே சந்தேகம். தேய்ந்த லேபிள்களையெல்லாம் மாற்றினார். தரையைத் துடைக்கிற ஆளை நம்பாமல் தானே துடைத்தார்.

ஆடிட்டர் வரவிருந்தது ஆயுத பூஜை முடிந்த மறு வாரம். எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? லேத்துக்குப் பொட்டு, பிரஸ்ஸுக்குப் பொட்டு, வேனுக்கு வாழைக்கன்று, எடை மெஷினுக்கு மாலை. ஒன்று விடாமல் பூஜை நடக்கும். சர்வர் ரூமுக்கு மட்டும் கதவின் வெளிப்பக்கம் துளி சந்தனம் வைத்துவிட்டு அண்ணன் எல்லோரையும் விரட்டிவிடுவார். அந்த வருடம் அவரே மெஷின் ஷாப் மேஸ்திரியிடம் போய், "உள்ள ஒரு சூடம் காட்டலாமா மேஸ்திரி? ஆடிட்டு வருது, அதான்" என்று கேட்டார். மேஸ்திரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவருக்கு அந்த ஒரு அறை வருடா வருடம் உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

அந்த அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாதே என்று பெரிய சிவப்பு சிலிண்டரில் வாயு அடைத்து வைத்திருந்தார்கள். கூரையில் இருக்கும் கருவிக்குப் புகை எட்டினால் முதலில் மணி அடிக்கும். சற்று நேரத்தில் வாயு பீய்ச்சும். அதற்குள் கதவோரப் பட்டனை அழுத்தினால் நிற்கும். அண்ணனுக்கா இது தெரியாது! கருவியை அணைத்து வைத்தார். தட்டில் கடுகளவு சூடம் ஏற்றினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். புகை முழுக்கப் போகும்வரை காத்திருந்து, கருவியை மறுபடி போட்டார். அப்புறம்தான் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, நிம்மதியாகப் பொரி வாங்க வெளியே வந்தார்.

மேஸ்திரி அந்த நேரத்தில்தான் வந்தார். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு அறைக்குள்ளும் சாம்பிராணி காட்டுவது அவர் வழக்கம். இத்தனை வருடம் மூடியிருந்த கதவு இன்றைக்குத் திறந்திருக்கிறது. விடுவாரா? தூபக்காலில் இன்னொரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டுக்கொண்டு, மனம் நிறைய உள்ளே நுழைந்தார்.

மணி அடித்தது. அண்ணன் பொரியை வீசி எறிந்துவிட்டு ஓடினார். அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. பட்டனுக்கு முன்னால் ஒரு எட்டுத்தான் பாக்கி. அந்த எட்டில்தான், திருஷ்டிக்காக யாரோ சற்று முன் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. அண்ணன் வழுக்கிக்கொண்டு பட்டனைத் தாண்டி, என் மேஜைக்கு அடியில் வந்து நின்றார். உள்ளே 'டமார்' என்று ஒரு சத்தம். கூரைப் பலகைகள் பறந்தன. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து மேஸ்திரி தூபக்காலை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நாங்கள் சிரித்தோம். பாவிகள், சிரித்தோம்.

வாயு பீய்ச்சினால் சர்வர்கள் தாமாகவே நின்றுவிடும். அதில் ஒன்று, வாங்கிய நாளிலிருந்து நிற்காமல் ஓடியது. அது திரும்ப எழுந்திருக்கவில்லை. ஆனால் பூஜைக்கு முந்தின நாள்தான் நகல் எடுத்திருந்த டிஸ்க் பீரோவிலிருந்து வந்தது, லீவு முடிவதற்குள் ஒரு கணக்கு விடாமல் எல்லாம் திரும்ப ஏறியது. அதனால் என்ன? சிலிண்டர் காலி. நிரப்புகிறவர்கள் தீபாவளி கழியட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆடிட்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒயர்களைப் பார்த்து, "இப்படி ஒரு ரூம் நான் பார்த்ததே இல்லீங்க" என்றார். பிறகு சிலிண்டரைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க வீட்லயும் வண்டிக்கு சாம்பிராணி போட்டேங்க. எனக்குப் புரியுது. ஆனா எழுதாம விட முடியாதே!" எழுதினார். தீயணைப்பு வசதி இல்லை. ஃபெயில்.

மேஸ்திரி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அய்ய, நீ இன்னாத்துக்கு அழுவுற மேஸ்திரி? கதவ தொறந்து வுட்டவன் நானு. இத்தினி வருசம் எவனையும் நம்பல, எதையும் நம்பல. ரூமு ஒயுங்கா ஓடிச்சு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லது நடக்கும்னு நம்பிட்டேன்."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

எல்லாம் கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்ததும், சர்வர்களை நிறுத்துகிற நாள் வந்தது. அண்ணன் ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியாக ஏசிகளை அணைத்தார். அந்த அறையைச் சத்தமில்லாமல் நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. நான், மேஸ்திரி, அந்த மனிதவளப் பிரிவு அம்மாள், விற்பனைப் பிரிவுப் பையன்கள் எல்லோரும் கதவோரம் நின்றோம். பழைய இரும்புக் கடை வண்டி வாசலில் காத்திருந்தது.

"எடுத்துடலாமாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் ரேக்கின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

"இன்னும் சூடு கீது நைனா. ஆறட்டும். நான் இருந்து அனுப்பிட்டு வர்றேன், நீங்கல்லாம் கிளம்புங்க. பஸ்ஸு பூடும்."

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, கொஞ்சம் காத்திருந்தது, கிளம்பிப் போனது. ஒருவரும் நகரவில்லை. அவரை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போக எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.