கோர்வை விட்ட மூணு கோலம்

காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவை விற்பவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அதைப் படுத்துக்கொண்டே விற்ற ஆள் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாசம் புடவை மடித்த பாவி நான்.

பட்டுக் கடையில் எங்களுக்கு வெள்ளைத் துணி விரித்த மெத்தைதான் ஆபீஸ். காலை மடக்கி உட்கார்ந்து, பின்னால் திரும்பி அலமாரியிலிருந்து புடவையை உருவி, முன்னால் திரும்பி விரிக்க வேண்டும். இருபது வருஷம் இப்படித் திரும்பித் திரும்பியே, முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டு அவருக்குக் கெட்டுப்போனது. அந்த மூட்டிலேயே ஊசி போடலாம் என்று சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேதிக்குத்தான் காத்திருக்க வேண்டும். இரண்டு மாசம் என்றார்கள். நாலாயிற்று. ஆறாயிற்று. வலி அவருக்கா எனக்கா என்றே குழம்பிப் போனேன்.

காலையில் நின்றுகொண்டு வியாபாரம் செய்வார். பதினோரு மணிக்குக் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் மேல் உட்காருவார். மத்தியானத்துக்கு மேல் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, மறு கையால் முந்தானையை விரிப்பார். ஒருநாள் தாமலிலிருந்து காலையில் வந்த கல்யாணக் கோஷ்டி சாயங்காலம் வரை புடவை பார்த்தது. பெண்ணின் அத்தை அவரையும் பார்த்தாள். நின்ற பெருமாள், உட்கார்ந்த பெருமாள், படுத்த பெருமாள் என்று ஊரெல்லாம் கோயில் கோயிலாக அலைந்தோமே, மூணு கோலமும் இங்கேயே இருக்கிறதே என்றாள். அன்றிலிருந்து அவர் பெயர் மூணு கோலம்.

மேல் தட்டுப் புடவையெல்லாம் நான்தான் ஏறி எடுக்க வேண்டும். விரிப்பது அவர், மடிப்பது நான். இதுகூடப் பரவாயில்லை. பில் போடுகிற கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதில் மின்சார ஒத்தடப் பையைச் சொருகுவார். வாங்கியவர்கள் பையில் கை விட்டபடி நிற்பார்கள். பத்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒத்தடம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுப்பார். எனக்கு மானம் போகும்.

யாராவது என்னவென்று கேட்டுவிட்டால் போச்சு.

"பொடவைல ஒடம்பையும் பார்டரையும் சேக்கறோமே கோர்வை, அத்த மாதிரி முதுவும் இடுப்பும் சேர்ற எடத்துல எனக்குக் கோர்வை விட்டுப்போச்சிமா."

கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வரும் அம்மாக்களில் பாதிப் பேருக்கு அதே இடத்தில்தான் வலி. கேட்டதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே காலில் பாரம் போட்டு நிற்காதே, படுக்கும்போது முழங்காலுக்கு நடுவில் தலையணை வை என்று அவர் வைத்தியம் சொல்லச் சொல்ல, ஆளுக்கு இரண்டு புடவை எடுத்துக்கொண்டு போவார்கள். நல்ல இடுப்பை வைத்துக்கொண்டு நான் ஈ ஓட்டினேன்.

முதலாளிக்கு மட்டும் மனசு இளகவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் எல்லாரையும் போல உட்காராவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உட்கார முடியாத ஆளை எந்தப் பட்டுக் கடையில் சேர்ப்பார்கள்? மனுஷன் அன்றைக்குச் சாப்பாட்டையே தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்த தேதிக்குச் சென்னை போனவர் மத்தியானமே திரும்பி வந்து, மிஷின் ரிப்பேர் என்றார். அடுத்துக் கொடுத்த தேதிக்கும் போய்விட்டு, டாக்டர் லீவு என்றார். நான் கடை அதிர அந்த ஆஸ்பத்திரியைத் திட்டித் தீர்த்தேன்.

ஆவணி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது அவர் போன் அடித்தது. முழங்காலை நெஞ்சில் கட்டிக்கொண்டு கிடந்தவர், என்னை எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு தடவையும் பேர் கூப்பிட்டபோது ஆளைக் காணோம், இந்த வெள்ளிக்கிழமையும் வராவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்றாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் முழங்காலை விட்டுவிட்டார்.

"இன்னாண்ணா இது?"

"ஊசிமா," என்றார். விரித்திருந்த பார்டர் மேல் கையை வைத்து ஒரு சாண் காட்டினார். "இம்மாம் நீளம்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஆறு மாசம் வலியைத் தாங்குகிற மனுஷன், ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற மனுஷன், அஞ்சு நிமிஷ ஊசிக்குப் பயந்து பிழைப்பையே விடப் பார்க்கிறாரே! ஏறி இறங்கி என் இடுப்பும் போயிற்று என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"தனியா போனா ஆஸ்பத்திரி கேட்டு வரிக்கும்தாம்மா காலு போவுது."

வீட்டிலிருக்கும் அவர் சம்சாரமோ ஊசியைப் படத்தில் பார்த்தாலே மயங்கி விழுகிறவள். வேறு வழி? ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் லீவு கேட்டதற்கு முதலாளி என் வம்சத்தையே விசாரித்தார். கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தும் சென்னை வரை நின்றுகொண்டே வந்தார். கண்டக்டருக்கும் கோர்வை விளக்கம் நடந்தது. ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிட்டதும் எழுந்து, நேராகக் கேட்டைப் பார்த்துத் திரும்பினார். சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அடுத்த நிமிஷம் 'ஐயோ அம்மா' என்று ஒரு அலறல். நர்ஸ் வெளியே வந்து, இன்னும் ஸ்பிரிட் பஞ்சுதான் வைத்தோம் என்றாள்.

அரை மணி கழித்துத் தயங்கித் தயங்கி நடந்து வந்தார். மரத்திருப்பது விட்டதும் இரண்டு மூன்று நாள் வலி தலைகாட்டும், அப்புறம் மெல்லக் குறையும், பயிற்சியை மட்டும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நான்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். அவர் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டியூப் இல்லாமல், சாதாரணமாக உட்கார்ந்தார். பூந்தமல்லி தாண்டுவதற்குள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. வண்டி காஞ்சிபுரம் வந்து எல்லாரும் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் அவரைத் தட்டி எழுப்ப வந்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"கொஞ்ச நேரம் உடுண்ணா. ஆறு மாசம் கழிச்சி இன்னிக்கிதான் ஒக்காந்துக்கினு தூங்கறாரு."