கர்தினால் போட்ட வேலி

இந்த வீட்டில் ஒன்றில் நான் இருக்க வேண்டும், அல்லது அந்தப் பெட்டை இருக்க வேண்டும். புதன்கிழமை காலை பத்தரைக்கு நான் எடுத்த சபதம் இது.

என் மனைவி பிலோமினம்மா சனிக்கிழமை கோயில் கோச் பஸ்ஸில் பிரான்ஸுக்கு, நோய் தீர்க்கும் லூர்து மாதாவிடம் போகிறாள். ஆறு நாள்! நாற்பத்தொரு வருடமாக நான் கேட்ட வரம். லெஸ்லி, எட்வேட், கிளின்ரன் மூவரும் சனி பின்னேரம் கோலியர்ஸ் வுட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு 304 விளையாடுவதாக ஏற்பாடு. நாலு கை வேண்டிய கடதாசி விளையாட்டு. பிலோமிக்குக் கடதாசிக் கட்டென்றால் சாத்தானின் செபப்புத்தகம். ஆகவே மூச்சு விடவில்லை.

அவளோ பூனை பார்க்க வீட்டோடு ஓர் ஆளை வைத்துவிட்டாள்.

"பூனைக்கு ஆளோ? நான் என்ன செத்தே போனன்?"

"போனமுறை அதுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு குடுத்தனீங்கள்."

"அது சாப்பிட்டதப்பா!"

"ஓம். பிறகு கார்ப்பெற்றிலை திருப்பித் தந்தது."

வந்த பெட்டைக்குப் பெயர் ஜதுர்ஷிகா. பூனை பார்ப்பதற்குச் சேர்ட்டிபிக்கேற் வைத்திருக்கிறாள். பூனை பழகவேண்டுமென்று மூன்று நாள் முன்பே வந்து, நாங்கள் விளையாட இருந்த முன்னறையிலேயே படுக்கையை விரித்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வீட்டில் அந்நியர் தங்கினால் பூனைக்கு மனம் குழம்பும். கண்ட இடத்தில் மூத்திரம் பீச்சி எல்லை போடும். எங்கேயோ வாசித்திருந்தேன். அப்படி அவளுடைய பையில் அடித்தால் பிலோமி அவளை அனுப்பிவிடுவாள். ஆனால் எங்கள் பூனை, செவ்வங்கி போடும் கர்தினால் ஆண்டகை போன்ற செந்நிறத்தால் கர்தினால் என்று பெயர் பெற்ற அந்தத் துரோகி, அவள் பையில் தலைவைத்துக் குறட்டை விட்டது!

சரி, நானே கர்தினால் ஆனேன். முதல்நாள் ரசத்தை வடித்து, ஜன்னல் துடைக்கும் போத்தலில் ஊற்றி, பையில் இரண்டு பீச்சு.

"ஐயோ பிலோமி! பூனை அடிச்சுப்போட்டுது!"

ஜதுர்ஷிகா குனிந்து மணந்து பார்த்தாள். "அங்கிள், இதிலை உள்ளி மணக்குது."

"மிளகும்," என்றாள் பிலோமி. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கர்தினாலும் வந்து மணந்து பார்த்தது. மயிர் சிலிர்த்தது. நேரே என் கதிரைக்குப் போய், முதுகைக் காட்டி, வாலை நிமிர்த்தி நடுக்கி, ஒரே அடி! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூற்றிங் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டதாகக் கேள்வி. சத்தம் கேட்ட பூனை என் குளிர்க்கோட்டில் அடித்தது. நான் துரத்தினேன், சப்பாத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் பூசைக்குப் போடும் காற்சட்டையும் போய்விட்டது. வேலிச் சண்டையில் ஒரு முழக் காணிக்காக மூன்று தலைமுறை நீதிமன்றப் படி ஏறிய பரம்பரை நான். எனக்கே எல்லை போடுகிறதாம் ஒரு பூனை!

"அது கோவத்திலை அடிக்கேல்லை அங்கிள், பயத்திலை," என்றாள் ஜதுர்ஷிகா. "புது மணம், சத்தம் வந்தால் தன்ரை மணத்தைப் பூசினால்தான் அதுக்கு நிம்மதி. என்ரை சாமானிலை ஒரு துளியும் இல்லை. எல்லாம் உங்கடையிலைதான்."

"அப்ப என்ன பிள்ளை செய்யிறது?" பிலோமி கேட்டாள்.

"அதைப் பயப்படுத்திற ஆளைக் கொஞ்சநாள் விலத்தி வைச்சால் சரி அன்ரி."

நான் துள்ளினேன். "அதைத்தானே நானும் சொல்லுறன்! ஆளை உடனை அனுப்பும்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பூனையும் பார்த்தது.

"கோச்சிலை எனக்குப் பக்கத்துச் சீற் வெறுமைதான்," என்றாள் பிலோமி.

"எனக்கு நாரிப்பிடிப்பு, கனநேரம் இருக்கேலாது!"

"அதுக்குத்தானே லூர்துக்குப் போறது."

சனி பின்னேரம். பிரான்ஸில் எங்கோ ஒரு நெடுஞ்சாலை. ஐம்பத்துமூன்று பெண்கள், மூன்றாவது செபமாலை. தீர்த்தம் எடுக்கக் கொண்டுபோகும் வெறும் பிளாஸ்ரிக் கான்கள் ஆறும் என் மடியில். போனில் லெஸ்லி ஒரு படம் அனுப்பியிருந்தான். என் வீடு. என் மேசை. என் நண்பர்கள் மூவர். நாலாவது கையாக ஜதுர்ஷிகா. அவள் மடியில் கர்தினால், கண்ணை மூடிச் சொக்கிப்போய்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கான்கள் ஆறும் கடகடவென்று ஆடின. "பிலோமி! பாரும் இந்த அநியாயத்தை! உம்மடை வீட்டிலை கடதாசி விளையாடுறாங்கள்!"

பிலோமி செபமாலை மணியிலிருந்து விரலை எடுக்காமல் சொன்னாள்:

"உங்கடை ஆக்கள் வந்து நிக்கினமெண்டு பிள்ளை மெசேச் போட்டவள். நான்தான் விளையாடச் சொன்னனான். ஆக்கள் சிரிச்சுக் கதைச்சால் பூனைக்கு நல்லதாம்."