மாப்பிள்ளையைக் கோலிலிருந்து நீக்கக் கோரி

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், தாங்கள் தலைவராக வீற்றிருக்கும் கால்பந்து அணியின் பயிற்சியாளருமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கையும் சுகம். மாடியில் குடியிருக்கும் நம் பெண்ணும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அணி சுகமாக இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சீசன் முடிந்து, பட்டியலில் நம் பெயரைத் தேடுகிறவர்கள் கீழேயிருந்து படிக்க ஆரம்பித்தால் போதும் என்ற நிலைமை வந்த பிறகு, தாங்கள் என்னைக் கடைக்கு வரச்சொல்லி, "ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒளிவுமறைவில்லாம எழுதி அனுப்புங்க. யாரை வச்சுக்கலாம், யாரை அனுப்பலாம்னு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வாசிச்சு முடிவு பண்ணிடலாம்" என்று சொன்னீர்கள். நேரிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் கோபம் வந்தால் எனக்குக் குரல் ஏறிவிடும், கடையில் டயர் மாற்ற வந்தவர்கள் பயந்துவிடுவார்கள். போனில் சொல்லலாம் என்றால், நான் போனில் பேசுவது மாடி வரைக்கும் கேட்கும். மாடியில் யார் இருக்கிறார் என்பது தங்களுக்கே தெரியும். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். பிழையைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போக என்னால் முடியாது. இந்த அணியில் பிழையைத் திருத்துவதைவிட மொத்தமாகப் பிரித்துப்போட்டுப் புதிதாக அச்சுக் கோர்ப்பது சுலபம்.

முதலில் தற்காப்பு. நம் சலூன்காரரை அங்கே நிறுத்தியது நான்தான், மறுக்கவில்லை. ஆள் உயரம், தோள் அகலம், பார்த்தால் எதிராளி ஒரு நிமிஷம் யோசிப்பான் என்று நினைத்தேன். எதிராளி யோசிக்கவில்லை, நலம் விசாரித்தான். ஏனென்றால் இந்த லீக்கில் ஆடுகிற பாதிப்பேர் அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள். இடித்துத் தள்ளினால் நாளைக்குக் கடைக்கு வருவானா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். பஸ் டிப்போ அணியோடு ஆடிய அன்று அவர்களுடைய முன்கள ஆட்டக்காரன் பந்தோடு வருகிறான், இவரும் விடாமல் கூடவே ஓடுகிறார், ஆஹா விரட்டுகிறாரே என்று நான் எழுந்து நின்று கைதட்டினால், ஓடிக்கொண்டே, "என்ன சார், காதுக்கு மேல இப்படி வளர்ந்துடுச்சே, வேற எங்கயாவது வெட்டிக்கிறீங்களா?" என்கிறார். அவன், "சேச்சே, நேரமே இல்லண்ணே" என்று பதில் சொல்லிக்கொண்டே கோல் அடித்துவிட்டுப் போனான். இடைவேளையில் நான் கொதித்துப்போய்க் கேட்டால், "ரொம்ப நல்ல மனுஷங்க அவரு" என்கிறார். நல்ல மனுஷன்தான், யார் இல்லையென்றது? அன்றைக்கு மட்டும் அந்த நல்ல மனுஷன் மூன்று கோல் அடித்தான்.

நடுக்களத்தில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக், தொழிலை மைதானத்துக்கே கொண்டுவந்துவிட்டார். நேரே மேலே போவார், நேரே கீழே வருவார். பக்கவாட்டில் ஒரு முழம் நகரச் சொன்னால், சொன்னவனைப் பரிதாபமாகப் பார்ப்பார். பந்து அவர் போகிற வழியில் வந்து நின்றால் அருமையாக எடுத்துக்கொண்டு போவார், வராவிட்டால் அது பந்தின் தலையெழுத்து. பாதி வழியில் மூச்சு வாங்கினால் அங்கேயே நின்றுவிடுவார், அப்புறம் எத்தனை பேர் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். "ஏன்யா நின்னுட்டே?" என்று கேட்டதற்கு, "பாரம் ஜாஸ்தி சார்" என்றார். அவர் மேல் இருந்த ஒரே பாரம் அணியின் சட்டைதான்.

அடுத்து முன்களம். இங்கே நான் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. தங்கள் கடையில் வேலை செய்கிற பையனுக்குத் 'தங்கக்கால்' என்று பட்டம் கட்டி, லாரி டயரையே ஒரே உதையில் கடைக்குள்ளே அனுப்புகிறான், இவனை விடக் கூடாது என்று சொல்லி அனுப்பி வைத்தீர்கள். டயருக்கு எதிரில் கோல்கீப்பர் நிற்பதில்லை மச்சான். தங்கக்கால் உதைத்த பந்து கோலைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. மைதானத்தை ஒட்டிய இஸ்திரிக் கடைக்குள் புகுந்து ஒரு கல்யாணக் கோட்டு மேல் உட்கார்ந்தது. கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஆட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார், நடுவர் அவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். சீசன் முழுக்க அவன் அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் நம் கோலுக்குள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதை யாரும் அவனிடம் சொல்லவில்லையாம். அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான், அவனைப் பிடிக்க நான் ஓடினேன். அன்று நான் ஓடிய ஓட்டத்தில் கால்வாசி அவர்கள் ஓடியிருந்தால் ஜெயித்திருப்போம். மீதிப்பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்களும் ஆடினார்கள் என்பதற்கு, அவர்கள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்ட தங்கள் தங்கைதான் சாட்சி.

சரி, இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். என் வயிற்றெரிச்சல் இவர்கள் இல்லை. கோல்கீப்பர்தான். நம் மாப்பிள்ளை.

ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவர். சுவரில் கடைசி வரிசையில் இருக்கிற கொசு மாதிரி எழுத்தைக் கிழவர்களையும் படிக்க வைக்கிறவர். அவர் கண்ணுக்கு எதிரே வருகிற பந்து மட்டும் தெரிவதில்லை. பெண் கேட்டு வந்த அன்றைக்கு நான் கேட்டது ஒரே கேள்விதான். "கால்பந்து ஆடுவீங்களா?" தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ கொஞ்சம் மாமா" என்றார். அடடா, என்ன அடக்கம், உண்மையான ஆட்டக்காரன் எவன் தன் வாயால் தன்னைப் புகழ்ந்துகொள்வான் என்று சமையலறைக்குப் போய்த் தங்கள் தங்கையிடம் நானே சொன்னேன். கல்யாணம் முடிந்த கையோடு கையுறை வாங்கி நானே மாட்டிவிட்டேன். மூன்று சீசன் ஆகிறது. அவர் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்ற அணிப் பயிற்சியாளர்களைப் பாருங்கள் மச்சான். கோட்டுக்கு வெளியே நின்று, "டேய், வெளிய வாடா, தூங்கறியாடா" என்று வாயில் வந்ததைக் கத்துகிறார்கள், கோல்கீப்பர் புலியாகப் பாய்கிறான். நான் யாரைப் பார்த்து டேய் என்பது? பெண்ணைக் கொடுத்திருக்கிறேனே! "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குச் சிரமமில்லேன்னா ரெண்டு அடி முன்னால வந்தீங்கன்னா நல்லாயிருக்கும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரணிக்காரர்கள் கோல் அடித்து, கட்டிப்பிடித்து, தண்ணீரும் குடித்துவிடுகிறார்கள். அவராவது காதில் வாங்கிக்கொண்டு பந்தைப் பார்ப்பாரா? மாட்டார். மாமனார் பேசும்போது வேறு பக்கம் பார்ப்பது மரியாதைக் குறைவாம். நான் வாயைத் திறந்தால் போதும், பந்தை அம்போவென்று விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்கிறார். இப்படி ஒரு மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடைசி ஆட்டத்துக்குத் தாங்கள் வரவில்லை, கடையில் லோடு இறங்கிற்று என்றீர்கள். புண்ணியம் செய்தவர். சமன் செய்திருந்தால் போதும், இந்த டிவிஷனிலேயே இருந்திருப்போம். ஆட்டம் முடியப் போகிறது, நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். சலூன்காரர் பந்தை மாப்பிள்ளைக்குத் தட்டிவிட்டார். அது புல்லுக்குக்கூட வலிக்காமல் உருண்டு வருகிறது. பக்கத்தில் எதிரணி ஆள் ஒருத்தன் இல்லை. காலை வைத்து நிறுத்தினால் கதை முடிந்தது. எனக்கு சந்தோஷம் தாங்கல மச்சான், வாய் நிறைய "மாப்பிள்ளை!"ன்னு ஒரு குரல் கொடுத்தேன். அவ்வளவுதான். மனுஷன் என் பக்கம் திரும்பினார். கையைக் கட்டினார். "சொல்லுங்க மாமா"ன்னார். பந்து அவர் காலை ஒட்டி, சொந்த வீட்டுக்குள்ள நுழையற பூனை மாதிரி மெதுவா உள்ளே போச்சு.

எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. என்னை எதுக்குப் பார்க்கணும்? கோல்கீப்பர் நானா? கீழ் டிவிஷனுக்கு இறங்கினோமே, அது என்னாலயா? வழக்கமா ஆட்டம் முடிஞ்சா நானும் மாப்பிள்ளையும் பஸ்ஸுல பின் சீட்டுல உட்கார்ந்து, யார் எங்க கோட்டை விட்டாங்கன்னு பேசிக்கிட்டே வருவோம். நான் பேசுவேன், அவர் கேட்பார். வீட்டுல அவரோட அப்படி உட்கார்ந்து பேசினதே கிடையாது. அன்னைக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவர் கையுறையை மடியில வச்சுத் தடவிக்கிட்டே வந்தார். ஸ்டாப் வந்ததும், "பார்த்து இறங்குங்க மாமா, படி ஈரமா இருக்கு"ன்னார். எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்தது. தோற்கடிச்சவருக்கு எதுக்கு இவ்வளவு நல்ல குணம்?

ஆகவே என் முடிவான கருத்து: மற்றவர்களை வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பினாலும் சரி. மாப்பிள்ளை அடுத்த சீசன் கோலில் நிற்கக் கூடாது. நின்றால் நான் நிற்க மாட்டேன். ஆனால் இது என் வாயிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது, நம் பெண் என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவாள். எனவே கூட்டத்தில் சலூன்காரர், மெக்கானிக், தங்கக்கால் பகுதிகளை மட்டும் நான் எழுதியதாக வாசியுங்கள். மாப்பிள்ளை பகுதி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தங்கள் சொந்த முடிவாகச் சொல்லுங்கள். நான் அதிர்ச்சியடைந்து எழுந்து, "என்ன மச்சான், இப்படிச் சொல்லிட்டீங்களே!" என்பேன். தாங்கள் அசைந்துகொடுக்கக் கூடாது. நான் இன்னொரு தடவை கெஞ்சுவேன். அதற்கும் மசியக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கடையும் குடும்பமும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

தங்கள் மேல் பாசமும் அணி மேல் ஆத்திரமும் குறையாத,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது நம் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மேஜை மேல் கிடந்ததை நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, இதை முதல்ல அனுப்புங்க. அவரு நிம்மதியா இருப்பாரு" என்றாள்.

"என்னடி சொல்றே?"

"அவருக்குப் பந்துன்னாலே சின்ன வயசுலேர்ந்து பயம்ப்பா. பந்து கிட்ட வந்தா கண்ணை மூடிக்குவாரு. தெரியாதுன்னு சொன்னா பொண்ணு தர மாட்டீங்களோன்னுதான் அன்னைக்கு ஏதோ கொஞ்சம்னு சொல்லி வச்சாரு."

"அப்ப மூணு சீசனா எதுக்கு நின்னாரு?"

"நீங்க ஆசையா கையுறை வாங்கி மாட்டிவிட்டுட்டீங்களே! அப்புறம் அந்த பஸ்ஸு. காலையிலகூடக் கேட்டாரு, 'டீமை விட்டு எடுத்துட்டா மாமாகூட பஸ்ல வரலாமா, இல்ல ஆடறவங்க மட்டும்தான் வரணுமா'ன்னு."

மச்சான், எனக்கு வந்த கோபத்தில் பசை டப்பாவைத் தட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மூன்று சீசன் கோலில் நின்றிருக்கிறார்! கண்ணைத் திறந்துகொண்டு ஆடுகிற எவனுக்காவது அந்தத் தைரியம் உண்டா? அவரைப் போய் நீக்கச் சொல்லி ஒரு மடையன் மேலே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். அதில் ஒரு வரியையும் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். வேறு தாள் இல்லாததால்தான் இதையே அனுப்புகிறேன். யாரையும் அனுப்ப வேண்டாம். சலூன்காரர் இருக்கட்டும், மெக்கானிக் மேலேயும் கீழேயும் போய்வரட்டும், தங்கக்காலுக்கு நம் கோல் எது என்று நானே காட்டிக்கொடுக்கிறேன். பயிற்சியாளராக மாப்பிள்ளையைப் போடுங்கள். அவருக்கு ஆட்டம் தெரியாதே என்று கேட்காதீர்கள், எனக்கு மட்டும் தெரிந்து என்ன கிழித்தேன்? கோலில் நான் நிற்கிறேன். மாடிக்குப் போய்க் கையுறையை வாங்கி வந்துவிட்டேன். முழங்கால் மடங்காத மனுஷனுக்கு இது எதற்கு என்று தங்கள் தங்கை சமையலறையிலிருந்து கத்துகிறாள், காதில் விழாத மாதிரி இருக்கிறேன்.

பந்து வரும்போது அவர் "மாமா!" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பஸ்ஸில் பேசிக்கொள்கிறோம்.