நெய் நீலமான நாள்

1. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் எங்கள் பள்ளியைப் பார்வையிட வந்தார்.
2. நான் மூன்றாம் பாரத்துக்கு மாப்பொருள் பாடம் நடத்தினேன்.
3. பள்ளிக் கமிட்டித் தலைவருடைய நெய் நீல நிறமாக மாறியது.
4. தலைவர் எழுந்து போனார்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது, ஐந்தாவதாகக் கூரை பற்றி எரிந்ததையும் அண்ணன் சேர்த்துக்கொள்வான். கூரை எரியவில்லை. (நான் அடுப்பே மூட்டவில்லை.) மற்ற நான்கும் உண்மை. மறுபடி நடத்தச் சொன்னாலும் அதே பாடத்தை அப்படியேதான் நடத்துவேன்.

ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில், மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, முடிந்துபோகிற பெண்கள் பள்ளி எங்களுடையது. அதற்கு மேல் படிப்பு இல்லை, கல்யாணம்தான். போன வருஷம் நாலாம் பாரம் கேட்டிருந்தோம். அதற்கு இரண்டு வேண்டும்: இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளின் சிபாரிசு, வகுப்பு நடத்த ஓர் அறை. அறையைத் தலைவர் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். என் வகுப்பில் முதலாவதாக வரும் பழனியம்மாளின் அப்பா கடலைக்காட்டுக்காரர். அவர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "நாலாம் பாரம் வந்தாப் படிக்கட்டுமுங்க. வரலீன்னா வைகாசில கண்ணாலம்."

நானோ சென்னையில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு வந்தவள். சேலம் ஜில்லாவின் கல்வித் தரமே என் வருகைக்காகக் காத்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். (டிரங்குப் பெட்டியில் புடவைகளைவிடச் சோதனைக் குழாய்கள் அதிகம். பாதி உடைந்துதான் வந்து சேர்ந்தன.)

அங்கே இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒத்திகை. என்ன கேள்வி, எந்தப் பெண் எழுந்திருக்க வேண்டும், என்ன பதில் என்று எல்லாம் முன்பே முடிவாகிவிடும். மற்றவர்கள் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நான் மாட்டேன் என்றேன். "புஸ்தகத்துல இருக்கறது எனக்கே தெரியும். உங்க கண்ணுல பட்டதைச் சொல்லுங்க" என்பதுதான் என் வகுப்பின் சட்டம். தலைமை ஆசிரியை ராஜம்மாள் நல்லவர். தலையில் கை வைத்துக்கொண்டார்.

அயோடினை மாப்பொருள் மேல் விட்டால் நீலமாகும். கஞ்சியில் காட்டலாம், கிழங்கில் காட்டலாம். மாறாத ஒன்றையும் காட்ட வேண்டுமே, அதற்கு நெய்யைத் தேர்ந்தெடுத்தேன். தலைவர் நெய் வியாபாரி. செய்தி கேட்டு அவரே பள்ளிக்கு வந்தார்.

"ஏனுங்கம்மிணி, நெய்யுன்னா நம்ம கடை நெய்யே இருக்கட்டுமுங்க. இன்ஸ்பெக்டரம்மாளும் மணத்தப் பாக்கட்டும்."

வெள்ளிக் கிண்ணத்திலேயே அனுப்பி வைத்தார்.

பார்வையிட வந்த அன்று கஞ்சி நீலமானது. கிழங்கு நீலமானது. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் தலையசைத்தார். பக்கத்து நாற்காலியில் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். உறைந்த நெய்யில் கொஞ்சம் எடுத்துக் குழைத்து, அயோடினை விட்டேன்.

"என்ன தெரியுது, பழனியம்மா?"

அவள் நெய்யைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீலமாயிருச்சுங்க டீச்சர்."

"நல்லாப் பாரு." (ஒரு பெண் தப்பாகப் பார்த்திருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.)

"பாத்துட்டேனுங்க. கஞ்சியவிட நல்ல நீலமுங்க. அப்ப நெய்யில கெழங்கு இருக்குதுங்களா?"

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எங்கம்மா அப்பவே சொல்லுச்சு!"

வகுப்பே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. "மருந்துல கோளாறுங்க. அம்மிணி சின்னப்புள்ள, என்னத்தையோ ஊத்திப்போட்டுது."

ராஜம்மாள் என் காதருகே வந்தார். "ஆமான்னு சொல்லிடும்மா. மருந்து கெட்டுப்போச்சுன்னு ஒரே வார்த்தை. ரூம் வந்துடும், நாலாம் பாரம் வந்துடும்."

பழனியம்மாள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்காகப் பொய் சொல்லலாம். ஆனால் அதை அவள் முகத்துக்கு எதிரேதான் சொல்ல வேண்டும். (சென்னையில் இதற்குப் பயிற்சி தரவில்லை.)

"மருந்து நல்ல மருந்துங்க. வேற நெய்யில பாத்துரலாம்" என்றேன். ஒரு பெண் தன் மதியச் சோற்றுத் தூக்குப்போசியிலிருந்து வீட்டில் காய்ச்சிய நெய்யைக் கொடுத்தாள். அயோடின் அதில் பழுப்பாகவே கிடந்தது.

"கட்டடத்த நீங்களே கட்டிக்குங்க" என்று தலைவர் எழுந்து போனார். இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் வாசல் வரை வந்து நின்றார். "பாடம் நன்றாக இருந்தது. அறையில்லாமல் நான் எதைச் சிபாரிசு செய்வது?" அவரும் போனார்.

அடுத்த சந்தையன்று பள்ளி வாசலில் பெண்கள் கூட்டம். மகளைச் சேர்க்கும்போதுகூட வராத அம்மாக்கள் கிண்ணமும் கையுமாக நின்றார்கள். "டீச்சரம்மா, இதையுங் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." மூன்றாம் பாரம் பார்த்துச் சொன்னது. தலைவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சில வாரம் கழித்துத் தலைவரே கிண்ணத்தோடு வந்தார். (இந்த முறை பித்தளை.) "இது நல்ல நெய்யுங்க. நீங்க பாத்து ஊருக்கு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

"நான் பாக்க மாட்டேனுங்க. புள்ளைங்க பாப்பாங்க. ஒத்திகை கெடையாது."

இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாங்கள் நிற்பதுபோல் அவர் வகுப்பின் முன்னால் நின்றார். ஜன்னல் முழுக்க ஊர்ப் பெண்களின் முகங்கள். பழனியம்மாள் அயோடினை விட்டு, குனிந்து பார்த்து, நிமிர்ந்தாள்.

"மாறலீங்க."

தலைவருக்கு மூச்சு வந்தது. அவள் உட்காரவில்லை. "அப்ப ரூமு கட்டித் தாரீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "கட்டிப்போடலாஞ் சாமி."

அண்ணன் கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றியவர் என் இலையை மட்டும் தாண்டிப் போனார். இன்றும் எந்தப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும், "நெய்க் கிண்ணத்த ஒளிச்சு வையுங்க, பரீட்சைக்கார அம்மா வந்தாச்சு" என்று யாராவது சொல்லாமல் விடுவதில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அறை எழும்பியதும் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளின் சிபாரிசும் வந்தது. நாலாம் பாரம் அந்த அறையில் நடக்கிறது. முதல் பெஞ்சில் பழனியம்மாள் இருக்கிறாள். எங்கள் பள்ளியில் இப்போது ஒத்திகை இல்லை.