ரெண்டாம் தவணை சாரும் கம்ப்யூட்டர் இல்லாத நெட்வொர்க்கும்

உலகத்தில் பிறந்த அத்தனை பேரும் ஒரு தம்ளர் காபியை ஒரே காபியாகத்தான் குடித்திருக்கிறார்கள். அதை இரண்டு திட்டங்களாகப் பிரித்துக் குடித்த ஒரே மனிதர் எங்கள் ரெண்டாம் தவணை சார். கல்லூரி கேன்டீனில் பாதித் தம்ளரைக் குடிப்பார். மீதியை டபராவால் மூடி வைத்துவிட்டு வகுப்புக்குப் போவார். முதல் பாதி உடம்பில் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, மணி அடித்ததும் வந்து, ஆடை படிந்து ஆறிப்போன மிச்சத்தைக் குடிப்பார். "சூடா வேற ஒண்ணு தரட்டா சார்?" என்று கேன்டீன்காரர் கேட்டால் போதும், முகம் சிவந்துவிடும். "ஏற்கெனவே ஒதுக்குனது அங்கன இருக்கும்போது புதுசு எதுக்குவே?"

அவர் இயற்பியல் பேராசிரியர். நான் அதே துறையில் தற்காலிக விரிவுரையாளர். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தோம். அது அவர் பக்கம்தான் காற்று வீசும்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் அரசாங்க மானியம். மானியம் எப்போதும் இரண்டு தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்து, செலவழித்ததைக் காட்டி, வந்து பார்த்தவர்கள் திருப்தியாகத் தலையாட்டினால் அடுத்தது. சார் வாங்காத மானியம் இல்லை. ஆனால் சர்வீஸ் முழுக்க ஒருமுறைகூட இரண்டாம் தவணை வந்ததில்லை. வானிலை ஆய்வு மேடை கட்ட எழுதிப் போட்டார். படிக்கட்டு வந்தது, மேடை வரவில்லை. மைதானத்து ஓரத்தில் அந்தப் படிக்கட்டு ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். சாண எரிவாயுவுக்குக் குழி வந்தது, மூடி வரவில்லை. ஐப்பசியில் தவளைகள் வந்தன. சைக்கிள் நிறுத்தத்துக்குத் தூண் வந்தது, கூரை வரவில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது வந்தால், ஏதோ பழைய காலத்துக் கோட்டையின் மிச்சம் என்று நினைத்துப் பயபக்தியோடு பார்ப்பார்கள்.

இதெல்லாம் சேர்ந்து மனுசனுடைய பேச்சையே பாதியாக்கிவிட்டது. நாமெல்லாம் கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்போம் அல்லவா? சார் சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது "போயிட்டு..." என்று மட்டும் சொல்வார். மறுநாள் காலையில் உள்ளே நுழையும்போதுதான் "...வாரேன்!" என்று முடிப்பார். புதிதாக வந்த வாட்ச்மேன் முதல் நாள் மிரண்டுபோய் என்னிடம் வந்து, "சாருக்கு எதும் சொகமில்லையா?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, மானியம்தான் என்றேன்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வந்தது. கல்லூரிகளையெல்லாம் கம்பியால் இணைத்தால் ஆராய்ச்சி வளரும் என்று டெல்லியில் யாரோ முடிவு செய்து, எங்களுக்கும் மானியம் ஒதுக்கினார்கள். முதல் தவணையில் கேபிள், கேபிளைச் சொருகுகிற பெட்டி, கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற அட்டைகள். இரண்டாம் தவணையில் கம்ப்யூட்டர். மண்டபத்தையும் சமையல்காரரையும் இப்போது பேசிவிடுங்கள், மாப்பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு. என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சொன்னதில் மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

ஆனாலும் சாருடைய உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! இயற்பியல் லேபிலிருந்து பிரின்சிபால் அறை வரைக்கும், மைதானத்தைச் சுற்றிக் கேபிள் ஓடியது. அந்த வருடம் கம்ப்யூட்டர் படிப்பும் தொடங்கிவிட்டார்கள். தொடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லை. சார் சும்மா இருப்பாரா? சார்ட் பேப்பரில் கீபோர்டு வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தார். அதிலும் இடது பாதி மட்டும். வலது பாதியை, பிள்ளைகள் இடது பாதியை நன்றாகப் பழகிய பிறகு தருவாராம். பிள்ளைகள் ஒற்றைக் கையால் காகிதத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சன்னல் வழியாகப் பார்த்த பிரின்சிபால் வீணை வகுப்பு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு பெண் எழுந்து கேட்கும்வரைக்கும். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் அவள். "சார், படிச்சு முடிக்கதுக்குள்ள நெசக் கம்ப்யூட்டர ஒருக்கா தொட்டுருவோமா?" சார் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். அந்த மே மாதம் அவருக்கு ஓய்வு. அன்றைக்கு மீதிக் காபியைக் குடிக்கவும் அவர் வரவில்லை.

பங்குனியில் தகவல் வந்தது. நெட்வொர்க் வேலை செய்கிறதா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். வேலை செய்தால் கம்ப்யூட்டர்கள் வரும். இல்லாவிட்டால் படிக்கட்டுக்கும் குழிக்கும் பக்கத்தில் கேபிளும் சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டர் இல்லாமல் நெட்வொர்க்கை எப்படி வேலை செய்ய வைப்பது? குறைந்தது இரண்டு வேண்டும். கல்லூரியில் இருந்ததே ஒன்று. அது பிரின்சிபால் அறையில் பட்டுத் துண்டு போர்த்தி, வெள்ளிக்கிழமை தோறும் சந்தனப் பொட்டோடு வீற்றிருந்தது.

இன்னொன்று ஜங்ஷன் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சக அண்ணாச்சியிடம் இருந்தது. முகூர்த்த சீசன். சார் கையைப் பிடித்துக் கெஞ்சியதில் அண்ணாச்சி இளகினார், ஒரு நிபந்தனையோடு. "தருதேன். ஆனா நாந்தான் தொடுவேன். ஒம்ம பிள்ளைய யாராவது தட்டுனா நீரு சும்மா இருப்பீரா?" ஆட்டோவில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார். எனக்குத் தெரிந்த அரைகுறையில், அவர் கையாலேயே அட்டையைச் செருகவைத்து, கேபிளைச் செருகவைத்து, நெல்லையப்பரை வேண்டிக்கொண்டேன். எதனால் என்று இன்றுவரை தெரியாது, இரண்டும் பேசிக்கொண்டன.

அதிகாரி வந்தார். கும்பகோணத்துக்காரர், சின்ன வயது. பிரின்சிபால் அறைக் கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்காரவைத்து, நான் பக்கத்தில் நின்றேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் லேபில் சார் வரவேற்புரை சொல்ல, அண்ணாச்சி அதை ஆங்கில எழுத்தில் ஒற்றை விரலால் தட்டினார். இங்கே திரையில் எழுத்துகள் வந்தன. 'மரியாதைக்குரிய அதிகாரி அவர்களே, எங்கள் கல்லூரிக்குத் தங்களை' என்று வந்து, அதோடு நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். அதிகாரி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னாச்சுங்க, லைன் போயிடுச்சா?"

நான் மைதானத்தைக் குறுக்கே ஓடிக் கடந்து லேபுக்குப் போனால், சார் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"சார், மீதி எங்க சார்?"

"மொதப் பாதி போய்ச் சேந்துட்டா?"

"சேந்துட்டு சார்!"

"நீரு சொன்னாக் காணாதுவே. வாங்குனவரு சொல்லணும்லா? அவரப் பதில் அனுப்பச் சொல்லும்."

"சார், இது மானியம் இல்ல சார், வரவேற்பு!"

"எல்லாம் ஒண்ணுதான். பைய ஓடும், விழுந்துராதீரும்."

திரும்ப ஓடினேன். மூச்சு வாங்க, கிடைத்தது என்று ஒரு வார்த்தை அடிக்க முடியுமா என்று அதிகாரியைக் கேட்டேன். புருவத்தைத் தூக்கியவர், அடித்தார். உடனே அங்கிருந்து அடுத்த துண்டு வந்தது: 'வரவேற்பதில் நாங்கள்'. மறுபடியும் நின்றது. மிச்சமிருந்ததையும் பாதியாக்கிவிட்டார் மனுசன்! அதிகாரி மறுபடி அடித்தார். 'பெருமகிழ்ச்சி' வந்தது. அவர் அடித்தார். 'அடைகிறோம்' வந்தது. கடைசியாக யாரும் கேட்காமலே 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ், சுற்றமும் நட்பும்' என்று வந்து சேர்ந்தது. அது அண்ணாச்சி. அந்த வரி இல்லாமல் எதையும் முடித்து அவருக்குப் பழக்கமில்லையாம்.

எல்லாம் முடிந்தது என்று நான் தலையைக் குனிந்தபோது அதிகாரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் யாருங்க? நெட்வொர்க்குக்குள்ள இப்படித்தான் நடக்குது. எதையும் முழுசா அனுப்பாது, துண்டு துண்டாத்தான் அனுப்பும். வந்துச்சுன்னு பதில் வந்தாத்தான் நிம்மதி, இல்லேன்னா திரும்ப அனுப்பும். இத அவர் எங்க படிச்சார்?"

"படிக்கல சார்," என்றேன். "சர்வீஸ் முழுக்க மானியம் வாங்குனாரு."

அவரைப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. சொல்லி அனுப்பினோம். சார் மைதானத்தில் பாதி தூரம் வந்து, கூரையில்லாத சைக்கிள் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, மேற்கொண்டு வரலாமா என்று ஆள் விட்டுக் கேட்டார். கடைசியில் அதிகாரிதான் எழுந்து போனார். வெயிலில் நின்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். காரில் ஏறும்போது அதிகாரி "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பார்க்கலாம் என்றால் கிடைக்கும் என்றா, கிடைக்காது என்றா? பிரின்சிபால் கிடைக்கும் என்றார். அலுவலகத்தில் கிடைக்காது என்றார்கள். அண்ணாச்சி தன் கம்ப்யூட்டர் கிடைத்ததே போதும் என்று ஆட்டோ ஏறினார். நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். சார்தான் தெளிவாக இருந்தார். "பாக்கலாம்ங்கது மொதத் தவணவே. பாத்தாச்சுன்னு வரட்டும்."

வரவில்லை. மே மாதம் வந்துவிட்டது. மாலை போட்டோம், புகழ்ந்தோம், சார் பாதி லட்டு சாப்பிட்டார். கேட்டில் நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து "போயிட்டு..." என்றார். போனார். மறுநாள் காலையில் வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று ரோட்டைப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன்.

கார்த்திகை மழையில் ஒரு லாரி வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கினால் அட்டைப் பெட்டிகள். கம்ப்யூட்டர்கள்! போன் பண்ணிச் சொல்கிற விஷயமா இது? தாம்பூலத்தோடு பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் போய், அவர் வீட்டில் நேரில் வைத்து, கம்ப்யூட்டர் லேப் திறப்புக்கு அழைத்தேன். தட்டை வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திறப்பு நாளில் சார் கேட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், மே மாதத்திலிருந்து தொண்டையில் நின்றதை ஒரே மூச்சில் சொன்னார்: "...வாரேன்!"

வாட்ச்மேன் கைதட்டினார். மாஞ்சோலைப் பெண்தான் முதலில் தொட்டாள். இடது பாதி எழுத்துகள் அவளுக்கு மின்னல் வேகத்தில் வந்தன. வலது பாதியில் தேடித் தேடித் தடவினாள். சார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டினார். பிறகு கேன்டீனில் ஒரு தம்ளர் காபியை, சூடு குறையாமல், நிறுத்தாமல் குடித்தார். கேன்டீன்காரர் டபராவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பி, என் தோளில் தட்டி, "போயிட்டு வாரேன்வே" என்றார். முழுதாக. பாக்கி எதுவும் வைக்காமல்.

அதன் பிறகு அவர் வரவில்லை. அடுத்த ஆனியில் அவர் காலமான தகவல்தான் வந்தது. அன்றைக்கும் பாதிதான் சொல்லியிருந்தாரென்றால், இன்றைக்கும் தினம் காலையில் கல்லூரி கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.