கோட்டைத் தாண்டாத அக்கி

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு மகான் இருந்தார். அக்கி வந்தவர்களுக்குக் கோடு போடுவது அவர் தொழில். அக்கி என்பது பாம்பாம். உடம்பைச் சுற்றி வளைத்துத் தலையும் வாலும் முட்டிவிட்டால் ஆள் காலியாம். ஆகவே உடம்பின் நட்டநடுவில், முன்னும் பின்னும், பச்சை மையால் ஒரு கோடு. பாம்பு அதைத் தாண்டாது. ஒருவருக்கும் தாண்டியதில்லை, ஊரே சாட்சி. படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. வக்கீல் நின்றார், வாத்தியார் நின்றார், வரிசையில் முந்தப் பார்த்த வங்கி மேலாளர் வசவு வாங்கிக்கொண்டு நின்றார்.

நான் பேருந்து நடத்துநர். எங்கள் ஓட்டுநர் அண்ணனுக்கு வலது நெற்றியில் தீயாய் எரிந்தது. மறுநாள் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். மூக்கு நுனியிலும் ஒன்று. இமை வீங்கிக் கண் பாதி மூடிவிட்டது. ஓட்டுநருக்குக் கண் போனால் வேலை போச்சு, வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில். டாக்டரிடம் போகலாம் என்று அண்ணி கெஞ்சிப் பார்த்தார். மாத்திரை சாப்பிட்டால் கோடு பலிக்காது என்று மகான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கெட்டிக்காரர். முதலில் கோடு, பிறகுதான் டாக்டர் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெயிண்டர், இடுப்பில் அக்கியோடு. பாம்பு எதுவரை வந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று பயந்துபோய்ச் சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்குப் பக்கத்தில், கத்தரித்த மாதிரி, நடுவில் நின்றிருந்தது. அண்ணியும் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, ஏற்கெனவே கோடு போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லம்மா, இப்பத்தான் மொத தடவையா வர்றேன்."

"அப்ப இது யாருக்குப் பயந்து இங்கயே நின்னுச்சு?"

பெயிண்டர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். அண்ணி விறுவிறுவென்று மகான் முன்னால் போய் நின்று, இன்னும் கோடு போடாதவர்கள் மட்டும் அக்கியைக் காட்டுங்கள் என்றார். சட்டைகள் ஏறின. பெண்கள் ஒரு மூலைக்குப் போய்த் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். வலப்பக்கம் வந்தவருக்கு வலப்பக்கம் மட்டும், இடப்பக்கம் வந்தவருக்கு இடப்பக்கம் மட்டும். வக்கீலுக்கும் பாதி முதுகுதான். கோடு போடாமலே ஒரு பாம்பும் நடுவைத் தாண்டவில்லை.

தன் வாசற்படியை மிதித்ததுமே பாம்பு அடங்கிவிடும் என்று மகான் விளக்கம் சொன்னார்.

"சரிங்க சாமி. அப்ப நடுவுல போட வேணாம். கொப்புளத்துக்கும் கண்ணுக்கும் நடுவுல போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் போகப்போறது கண்ணுதானே."

மகான் பேனாவை மூடினார். வேறு இடத்தில் போட அவருக்கு உத்தரவு இல்லையாம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். பாதிப் பேர் எங்களோடு இறங்கினார்கள். மீதிப் பேர், வரிசை குறைந்தது என்று நிம்மதியாக முன்னால் நகர்ந்தார்கள்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எளிமையாகத்தான் சொன்னார். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் அடியில் தூங்கிக் கிடக்கும். உடம்பு தளர்ந்தால் விழித்து, அந்த நரம்பு வழியாக வெளியே வரும். ஒரு நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்குத்தான் ஓடுகிறது. அக்கி நடுவில் நிற்பது அதனால்தான். மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் கண்ணுக்கு ஆபத்து. கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. அண்ணன் அதற்குள் வந்துவிட்டார். கண் பிழைத்தது, இப்போது வண்டி ஓட்டுகிறார்.

அன்று ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்தில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். நெற்றி நடுவில் பச்சைக் கோடு, அழியாமலிருக்கத் தினமும் புதுப்பித்தாராம். அண்ணனைப் போலவே வலது நெற்றியில் அக்கித் தழும்பு. வலது கண் வெண்மை படர்ந்து கிடந்தது.

"கோட்டைத் தாண்டலைங்க," என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. "கண்ணுதான் போயிருச்சு."

கண்டவனிடமெல்லாம் நெற்றியை நீட்டுவதற்கு முன், ஐயா, அதற்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள். அதற்குப் பத்தியம்கூடக் கிடையாது.