அத்தை வாய்க்குள் டோர்ச் வெளிச்சம்

கைதட்டல் கேட்டால் எனக்குப் புத்தி கொஞ்சம் கழன்றுவிடும். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோளாறு என் அத்தையின் உயிர்வரை போய்விட்டதே, மறைத்து என்ன பயன்?

அப்போது நான் கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. மஞ்சளில் உள்ள குர்குமினை நானோ துகள்களுக்குள், அதாவது கண்ணுக்கே தெரியாத உருண்டைகளுக்குள், அடைத்துப் புற்றுநோய்ச் செல்லுக்குள் அனுப்ப வேண்டும். பிறகு நீல வெளிச்சம் பாய்ச்சினால் மருந்து விழித்துக்கொண்டு அந்தச் செல்லைக் கொல்லும். இதுதான் என் ஆராய்ச்சி. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஆராய்ச்சி செய்கிறாள் என்று தோட்டத்து ஆட்கள் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். (பொன்னாடை, மாலை, பேனர். பேனரில் என் மூக்கு மட்டும் இரண்டடி.)

முன்வரிசையில் அப்பாவின் அக்கா செல்லம்மா அத்தை. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், அத்தனை வருடமும் வாயில் வெற்றிலையும் புகையிலையும். கன்னத்தின் உள்ளே ஆறாத புண். "புற்றுதான், ஆனால் ஆரம்பம். வெட்டி எடுத்தால் போதும்" என்று சொல்லி, அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார் டாக்டர்.

மேடையேறிய நான், "கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம், மஞ்சளும் வெளிச்சமும் போதும்!" என்று முழங்கினேன். தகரக் கூரை அதிர்ந்தது. 'இதெல்லாம் இன்னும் ஆய்வுகூடத்தில்தான்' என்ற வரியும் என் தாளில் இருந்தது. அதைப் படித்தால் கைதட்டல் அடங்கிவிடுமே! தாளை மடித்துவிட்டேன்.

புதன்கிழமை தோடம்பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், வார்டில் அத்தை இல்லை. "அவங்க வரவே இல்லையே" என்றார் நர்ஸ். அடித்துப்பிடித்து பஸ் ஏறி, தோட்டத்து லயத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை வாசற்படியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு, பல், நாடி எல்லாம் மஞ்சள். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் மாமா, எதிரே நின்று வாய்க்குள் டோர்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"நாலு நாளா ஒரே பனிமூட்டம், வெயிலே இல்ல. அதான் டோர்ச்சு. மஞ்சளப் பொடிசா ஆக்கணும்னு சொன்னியே, டஸ்ட்டுத் தூள் சலிக்கிற சல்லடையில மூணு தரம் சலிச்சிட்டேன். இதுக்கு மேல பொடிசாக்க எந்தக் கொம்பனாலயும் முடியாது!"

எனக்குக் கோபம் வந்தது. (யார்மேல் என்று கேட்காதீர்கள்.) "நானோன்னா அது இல்ல மாமா! வெளிச்சமும் நீலமா இருக்கணும்..."

"நீலமா? அத அன்னைக்கே சொல்றதில்லையா? கடையில நீலக் கண்ணாடித் தாளு இருக்கு, வாங்கியாரவா?"

படியில் உட்கார்ந்துவிட்டேன். "அத்தை, என் மருந்த இன்னும் ஒரு மனுசருக்கும் குடுக்கல. கண்ணாடித் தட்டுல வளக்கிற செல்லுலதான் பாத்திருக்கோம். உங்களுக்கு ஆபரேஷன்தான் வேணும்."

அத்தை வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "அப்ப அன்னைக்கு ஏன்டி அதச் சொல்லல?"

"எல்லாரும் கைதட்டுனாங்க அத்தை."

"நானுந்தான் தட்டுனேன். கத்தின்னா எனக்கு எம்புட்டுப் பயம் தெரியுமா? கத்தி வேணாம்னு எம் மருமகளே சொல்லிட்டான்னு அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

அந்த வார்த்தையில் அழுதுவிட்டேன். மாமா டோர்ச்சை அணைத்தார்.

மறுநாள் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மஞ்சள் வாயைப் பார்த்த டாக்டர், "மே மொகத?" (என்ன இது?) என்று சிங்களத்தில் கேட்டார். அத்தை என்னைக் காட்டி, "அபே தொஸ்தர மெயா" (எங்க டாக்டர் இவங்கதான்) என்றார். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில், பட்டமே வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஆபரேஷனுக்கு வேறு தேதி கிடைக்கப் பத்து நாள் ஆனது. அதற்குள் புண் பரவியிருந்தால் அதற்குக் காரணம் நான்தான். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, பரவவில்லை. கன்னத்தில் கொஞ்சம் போனதோடு அத்தை பிழைத்தார். வெற்றிலையையும் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் யார் எதைப் பெருமையடித்தாலும், "மனுசருக்குக் குடுத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை தங்கமானவர் என்று சொன்ன தரகரிடமும் மாமா அதையே கேட்டார்.

போன மாதம் எங்கள் மருந்து எலிகளில் கட்டியைச் சுருக்கியது. துள்ளிக்கொண்டு அத்தைக்குப் போன் செய்தேன்.

"சந்தோசம்டி" என்றார். "மேடையில சொல்லும்போது, எலிக்குன்னு நல்லாச் சத்தமாச் சொல்லு. முன்வரிசையில எவளாவது ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கிட்டு, பயந்துபோய் உக்காந்திருப்பா."